அடுத்த 10 பில்லியன் ரிங்கிட்டை எந்தத் தண்டவாளத்தில் போடுவது?

#1 மாக்மண்டின் மாறன்

பாடாங் பெசார் முதல் ஜொகூர் பாரு வரை மலேசிய மேற்குக்கரை இரட்டை ரயில் பாதை, மின்சார மேல்கம்பி எல்லாம் 2025 இறுதியில் ஒரு வழியாக இணைந்துவிட்டது. ரவாங்–ஈப்போ, சிரம்பான்–கெமாஸ் 98 கி.மீ., ஈப்போ–பாடாங் பெசார் 329 கி.மீ., கடைசியில் கெமாஸ்–ஜொகூர் பாரு 192 கி.மீ. இப்படித் துண்டு துண்டாகக் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது.

இனி அடுத்த 20 ஆண்டு. வாட்சாப் குழுக்களில் மூன்று கட்சி இருக்கிறது: அதிவேக ரயில் வேண்டும் என்பவர்கள், கிழக்குக்கரைப் பாதையை வடக்கே நீட்டு என்பவர்கள், இருப்பதையே ஒழுங்காக ஓட்டு என்பவர்கள். கையில் 10 பில்லியன் ரிங்கிட் இருந்தால் எங்கே போடுவீர்கள்? "ஜப்பானைப் பார், சீனாவைப் பார்" வேண்டாம். கணக்கோடு வாருங்கள். முதல் கேள்வியை நானே போடுகிறேன்: கோலாலம்பூர்–பட்டர்வொர்த் இடையே மணிக்கு ஒரு இடிஎஸ் மின்சார விரைவு வண்டி என்றால் எத்தனை செட் (முழு வண்டித் தொடர்) வேண்டும்?

#2 செந்தூல் சிக்னல்

ஒரு நடைக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, 4 மணி 10 நிமிடம் என்று வைக்கிறேன். கடைசி நிலையத்தில் ஆளை இறக்கி, துடைத்து, தண்ணீர் நிரப்பி, பிரேக் சோதித்து, ஆளை ஏற்ற 35 நிமிடம். ஒரு முழுச் சுற்று 2 × (250 + 35) = 570 நிமிடம், அதாவது ஒன்பதரை மணி. மணிக்கு ஒரு வண்டி என்றால் 10 செட் பாதையில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒன்று என்றால் 19.

அது பாதையில் ஓடுவது மட்டும். அவசரத்துக்குத் தயாராக ஒன்று, அன்றாடச் சோதனையில் ஒன்று, ஓவர்ஹாலில் ஒன்று. ஆக 10க்கு 13. 19 ஓடினால் சோதனையில் நிற்பதும் கூடும், 23 அல்லது 24. இந்த மூன்றையும் "சும்மா நிற்கிறதே" என்று வெட்டினால், மூன்றாம் ஆண்டிலிருந்து சோதனைக்குப் போக வேண்டிய செட் பயணத்துக்குப் போகும். ஐந்தாம் ஆண்டில் ஒரு செட்டைப் பிரித்து அதன் பாகத்தை இன்னொன்றில் மாட்டுவார்கள். அப்படி உடல் பிரிக்கப்பட்ட செட் திரும்பிப் பாதைக்கு வருவது அபூர்வம்.

பட்டர்வொர்த் முட்டுச் சந்து என்பதையும் மறக்கக் கூடாது. பாடாங் பெசார் இடிஎஸ் பட்டர்வொர்த்துக்குள் வருவதே இல்லை, புக்கிட் மெர்தாஜாமிலேயே வடக்கே திரும்பிவிடும். அதனால் "வடக்குச் சேவை" என்று ஒரே கணக்கு போட முடியாது. இரண்டு கிளைக்கும் தனித்தனி செட் வேண்டும்.

#3 கணக்குப்பிள்ளை

செட் என்றதும் காசு பேச வேண்டுமே. சீனாவிலிருந்து 62 செட், 30 ஆண்டுக் குத்தகை, 10.7 பில்லியன் ரிங்கிட் என்று அமைச்சரவை ஒப்புக்கொண்ட கணக்கை எடுங்கள். எல்லாம் ஒரே வகை என்று பாவித்து வகுத்தால், ஒரு செட்டுக்கு 172.6 மில்லியன். ஆண்டுக்கு 5.75 மில்லியன். ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரத்து எழுநூறு ரிங்கிட்டுக்கு மேல், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

இப்போது ஒரு செட்டில் 300 இருக்கை, ஆண்டில் 330 நாள் ஓட்டம், 70 விழுக்காடு இருக்கை நிரம்புகிறது என்று வையுங்கள்.

நாளுக்கு 2 ஒற்றை நடை: ஒரு பயணி தலையில் குத்தகை மட்டும் 41 ரிங்கிட் 50 சென்.
3 நடை: 27 ரிங்கிட் 70 சென்.
4 நடை: 20 ரிங்கிட் 70 சென்.

மின்சாரம், ஓட்டுநர் சம்பளம், பாதைச் செலவு எதுவும் இதில் சேரவில்லை. அதே வண்டி, அதே விலை, நடை மட்டும்தான் வேறு. புதுப் பாதைக்கு முன்னால் "ஏன் நாலாவது நடை ஓடவில்லை?" என்று கேளுங்கள்.

குத்தகைத் தாளில் கண் வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. 15ஆம் ஆண்டு ஓவர்ஹால் யார் தலையில்? உதிரிப்பாகம் இங்கே கிடங்கில் இருக்குமா, கப்பலில் வருமா? தினமும் காலை எத்தனை செட் ஓடத் தயாராக இருக்க வேண்டும், குறைந்தால் என்ன பிடித்தம்? 30 ஆண்டு முடிவில் வண்டி யாருடையது? மாத வாடகையை மட்டும் பார்த்து வீட்டுக்குப் போகிறவன் கூரை ஒழுகும்போதுதான் ஒப்பந்தத்தைப் படிப்பான்.

#4 செந்தூல் சிக்னல்

நாலாவது நடை ஏன் ஓடவில்லை என்பதற்குப் பதில்: நேரம் போதாது. 4 × 250 + 3 × 35 = 1,105 நிமிடம், 18 மணி 25 நிமிடம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவு 11:25. டிப்போவுக்கு நேரமே இல்லை. ஒரு நாள் சமாளிக்கலாம், தினமும் முடியாது.

ஒரு நடையை 3 மணி 45 நிமிடமாகவும் திரும்பும் நேரத்தை 25 நிமிடமாகவும் குறைத்தால் 4 நடைக்கு 16 மணி 15 நிமிடம். அப்போது முடியும். மணிக்கு ஒரு வண்டி ஓட்ட 10 செட்டுக்குப் பதில் 9 போதும். ஒரு நடையில் 25 நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

#5 வேகப்பிரியன்

அந்த 25 நிமிடத்துக்கு இவ்வளவு பாடா? மீட்டர் அகலப் பாதையில் மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் கனவு காண வேண்டாம். அதனால்தான் அதிவேக ரயில் வேண்டும் என்கிறோம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் 350 கி.மீ., 90 நிமிடம். 2013ல் அறிவித்து, 2016ல் ஒப்பந்தம் போட்டு, 2020 கடைசி நாளோடு காலாவதியாக விட்டு, சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடும் கட்டினோம். அந்தத் துணிச்சல் அன்றைக்கு இருந்திருந்தால் இன்றைக்கு பினாங்கு வரை நீட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

#6 செந்தூல் சிக்னல்

துணிச்சலுக்குக் கணக்கில் கட்டம் இல்லை தம்பி.

இடிஎஸ் இப்போது 140ல் ஓடுகிறது. 300 கி.மீ. முழுவதும் 140ல் போனால் 128.6 நிமிடம், 160ல் போனால் 112.5. மிச்சம் 16 நிமிடம். அதுவும் நிலையமே இல்லாமல், வளைவே இல்லாமல் ஓடினால். காற்றின் எதிர்ப்பு சுமார் 31 விழுக்காடு ஏறும், மின்கட்டணமும் கூடவே ஏறும்.

இன்னொரு பக்கம், 10 கி.மீ. தூரத்துக்கு ஏதோ ஒரு காரணத்தால் 60ல் ஊர்கிறது என்று வையுங்கள். 10 நிமிடம் ஆகும். அதே தூரம் 140ல் 4.3 நிமிடம். அப்படி மூன்று மெதுவான இடத்தைச் சரிசெய்தாலே 17 நிமிடம் வந்துவிடும். மேல் வேகத்தை ஏற்றுவது செலவு, கீழ் வேகத்தை ஒழிப்பது லாபம்.

முக்கியமான மெதுவான இடம் எல்லோருக்கும் தெரியும்: ரவாங்குக்குத் தெற்கே, எல்லா நிலையத்திலும் நிற்கும் கொமூட்டருக்குப் பின்னால் இடிஎஸ் நகரும் துண்டு. அங்கே கொமூட்டர் ஒதுங்கி நிற்க மூன்றாவது தடம் உள்ள நிலையம் இரண்டு இருந்தாலே போதும்.

#7 ஜல்லிக்கல்

மெதுவான இடம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அது ஏன் மெதுவாகிறது என்று சொல்லலையே அண்ணே.

நிபோங் திபால், பாரிட் புந்தார், கிரியான் பக்கமெல்லாம் வயல்காடு. அடியில் கடல் களிமண். பாலம் ஆழத்தில் இறக்கிய பைல் தூண் மேல் நிற்கிறது, அசையாது. பாலத்துக்கு வருகிற மண்மேடு வருஷா வருஷம் கொஞ்சம் அமுங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம். வண்டி அதில் குதிக்கும், குதித்த இடத்தில் ஜல்லி நொறுங்கும், நொறுங்கிய தூள் மழையில் சேறாகும், சேறு தண்ணீரை வடிய விடாது, அடுத்த வண்டி இன்னும் ஆழமாகக் குதிக்கும். முதலில் சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரியும். அப்போதே கவனிக்க வேண்டும். சாம்பல் நிறச் சேறு மேலே பொங்கி ஜல்லியை மூடிவிட்டால் காரியம் கெட்டது.

அதன்மேல் ஜல்லியைக் குத்தி இறுக்கும் டேம்பிங் எந்திரத்தை ஓட்டிவிட்டு "வேலை முடிந்தது" என்று எழுதுவது வெறும் கண்துடைப்பு. சேற்றுக்குள் குத்தினால் சேறுதான் குழையும், ஆறு வாரத்தில் அதே பள்ளம் திரும்பி வரும். ஒழுங்கான வேலை இது: முதலில் ஓரக் கால்வாயைத் தோண்டித் தண்ணீருக்கு வழி விடு. பிறகு சிலிப்பருக்குக் கீழே 300 மி.மீ. வரை பழைய ஜல்லியை அள்ளு. துணி விரிப்புப் போடு. புது ஜல்லி கொட்டு, டேம்பிங் செய், சில நாள் வண்டி ஓடி அமுங்கிய பிறகு மறுபடி டேம்பிங் செய். வேகத்தை 30, பிறகு 60, பிறகு முழு வேகம் என்று படிப்படியாக எடு. நடுவில் கால்வாய் வேலையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான், ஏனென்றால் கால்வாய்க்குத் தனி ஒப்பந்தக்காரர்.

500 மீட்டருக்கு 40 கி.மீ. வேகக் கட்டுப்பாடு போட்டால் இடிஎஸ்சுக்கு எவ்வளவு நட்டம்? வண்டியின் வால் தாண்டும் வரை 640 மீட்டர் 40ல் போக வேண்டும், அதில் 41 வினாடி நட்டம். பிரேக் பிடிப்பதில் 20, மறுபடி வேகமெடுப்பதில் 33. மொத்தம் ஒன்றரை நிமிடம். அப்படி ஐந்து இடம் என்றால் 8 நிமிடம் போச்சு. உங்கள் 25ல் மூன்றில் ஒரு பங்கு சேற்றில் கிடக்கிறது.

#8 மாக்மண்டின் மாறன்

சேற்றை எடுக்க ராத்திரி நேரம் போதாதா?

#9 ஜல்லிக்கல்

பாதை அடைப்பு நள்ளிரவு 12:30 முதல் 4:30 என்று தாளில் இருக்கும். நாலு மணி நேரம் என்று மேலதிகாரி நினைப்பார். கடைசி வண்டி தாமதமாகப் போகும், அதில் 15 நிமிடம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அனுமதி, 25,000 வோல்ட்டை அணைத்து இரண்டு பக்கமும் எர்த் கம்பி மாட்ட 30 நிமிடம். எந்திரம் நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு 20, திரும்ப 20. எர்த் கழற்றி, கருவியை எண்ணிப் பார்த்து, மின்சாரம் திரும்ப 20. மிஞ்சுவது இரண்டேகால் மணி. பழைய டேம்பிங் எந்திரம் மணிக்கு ஒரு கி.மீ. செய்யும். ஆக ராத்திரிக்கு 2 கி.மீ.

ஈப்போ–பாடாங் பெசார் 329 கி.மீ., இரட்டைப் பாதை என்றால் தடக்கணக்கில் 658. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுற்ற வேண்டும் என்றால் ஆண்டுக்கு 329 கி.மீ., கிட்டத்தட்ட 165 ராத்திரி. மழை, எந்திரக் கோளாறு, பெருநாள் கால வண்டிகள் எல்லாம் கழித்தால் ஒரு எந்திரத்துக்கு இது முட்டி மோதித்தான் முடியும். இன்னொரு எந்திரம், அதை நிறுத்த 60 கி.மீ.க்கு ஒரு சிறு தடம், இரண்டும் வாங்கினால் வேலை ஒழுங்காகும். அதிவேக ரயிலோடு ஒப்பிட்டால் இது டீக்காசு.

#10 கணக்குப்பிள்ளை

டீக்காசுதான், ஆனால் வேறு பையிலிருந்து வரவேண்டிய டீக்காசு. அதுதான் சிக்கல்.

1991 ரயில்வே சட்டத்தோடு நிலமும் தண்டவாளமும் ரயில்வே சொத்துக் கழகத்திடம், ஓட்டுவதும் பராமரிப்பதும் 1992ல் நிறுவனமான தேசிய ரயில்வே கேடிஎம்மிடம். புதுப் பாதை கட்டுவது மேம்பாட்டுச் செலவு, ஐந்தாண்டுத் திட்டத்தில் ரிப்பன் வெட்டலாம். பராமரிப்பு ஆண்டுச் செலவு, யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். ஒரு சின்ன உதாரணம்: சக்கரத்தில் 50 மி.மீ. தட்டை விழுந்தால் அதைக் கடைந்து சரிசெய்யும் செலவு வண்டிக்காரருடையது. சரிசெய்யாமல் ஓட்டினால் உடையும் சிலிப்பரும் பற்றவைப்பும் பாதைக் கணக்கில். எந்தச் சக்கரம் அடிக்கிறது என்று அளக்கும் கருவியைத் தண்டவாளத்தில் பொருத்தி, தட்டைச் சக்கரத்துக்கு அபராதம் போடாதவரை இது தீராது.

ஈப்போ–பாடாங் பெசார் 12.485 பில்லியனுக்குக் கட்டியது. 12.5 என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: 55 விழுக்காடு மண்மேடு, பாலம், சுரங்கம், ஆயுள் 100 ஆண்டு. 25 விழுக்காடு தண்டவாளம், சிலிப்பர், ஜல்லி, 30 ஆண்டு. 20 விழுக்காடு சிக்னல், மேல்கம்பி, 25 ஆண்டு. தேய்மானம் ஆண்டுக்கு 69 + 104 + 100 = 273 மில்லியன். இது புதுப்பிக்க ஒதுக்க வேண்டிய தொகை மட்டும், கூலி வேறு. 2014ல் முடிந்த பாதை இது. சிக்னல் மாற்றும் காலம் 2040க்கு முன்பே வரும். அந்த ஆண்டில் ஒரே மூச்சாகப் பணம் கேட்டால் எந்த நிதியமைச்சரும் அதிர்ந்துதான் போவார்.

இன்னொரு வேலி: 2023ல் வந்த பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம். கடன் உள்நாட்டு உற்பத்தியில் 60 விழுக்காட்டுக்குள், அரசு உத்தரவாதம் 25 விழுக்காட்டுக்குள் என்று இலக்கு. எம்ஆர்டி நகர ரயில் மாதிரி அரசு உத்தரவாதத்தோடு சுக்குக் (இஸ்லாமியக் கடன்பத்திரம்) வெளியிட்டுக் கட்டுகிற பெரிய திட்டம் ஒவ்வொன்றும் அந்த 25ஐத் தின்னும். குத்தகை கடனாகக் கண்ணில் படாமல் ஆண்டுச் செலவில் போய் உட்காரும், அதனால்தான் எல்லோருக்கும் குத்தகை பிடிக்கிறது. 30 ஆண்டுக்கு அந்தத் தொகையை யாரும் வெட்ட முடியாது. நெருக்கடி ஆண்டில் வெட்டு விழுவது ஜல்லிக்குத்தான்.

#11 ஜெலுத்தோங் கவி

இதே புத்தி நகர ரயிலிலும் நடந்திருக்கிறது. எல்ஆர்டி 3 இலகு ரயில் திட்டத்தை 2018ல் 31.65 பில்லியனிலிருந்து 16.63க்கு இறக்கினார்கள். கைதட்டினோம். எப்படி இறங்கியது? ஆறு பெட்டி கொண்ட 42 செட் மூன்று பெட்டி கொண்ட 22 செட் ஆனது. ஐந்து நிலையம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு 2024 பட்ஜெட்டில் அந்த ஐந்தையும் திரும்பச் சேர்க்க 4.7 பில்லியன். பெட்டி எண்ணிக்கை என்றால் 252லிருந்து 66. நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விலை குறைந்ததா, பொருள் குறைந்ததா என்று யாரும் அன்றைக்கு ஒரே வரியில் எழுதவில்லை.

பினாங்கில் முத்தியாரா எல்ஆர்டி பாதை 29.5 கி.மீ., 2025 ஜனவரியில் வேலை தொடங்கியாகிவிட்டது. கொம்தாரிலிருந்து கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலுக்கு வரப்போகிறது. இங்கே நான் பார்ப்பது ஒரே ஒரு இடம்: இடிஎஸ்சிலிருந்து இறங்கியவர் எல்ஆர்டியில் ஏறும் நடைபாதை.

300 பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள், பாதிப்பேர் கையில் பெட்டி. 3 மீட்டர் நடைபாதையில் சுவரோரம் போக 2.4 மீட்டர்தான் பயன்படும். பெட்டியோடு நடப்பவர்கள் மீட்டருக்கு நிமிடத்தில் 45 பேர் என்றால் 108 பேர், ஆக மூன்று நிமிடத்தில் காலியாகும். நல்லது. ஆனால் மின்தூக்கி? பெட்டியோடு ஆறு பேர், ஏறி இறங்கித் திரும்ப ஒன்றரை நிமிடம், நிமிடத்துக்கு 4 பேர். முதியவர், தள்ளுவண்டிக் குழந்தை, பெரிய பெட்டி என்று 40 பேர் வரிசையில் நின்றால் 10 நிமிடம். எல்ஆர்டி எவ்வளவு அடிக்கடி வந்தாலும் அவர்களுக்குப் புண்ணியமில்லை. இரண்டாவது மின்தூக்கிக்கான குழியை இப்போதே தோண்டிவிட வேண்டும், தூக்கியைப் பிறகு வாங்கலாம். பிளாட்ஃபார நீளமும் அப்படித்தான். குட்டை வண்டி ஓட்டு, பரவாயில்லை. குட்டை நிலையம் கட்டாதே.

#12 வேகப்பிரியன்

சரி, அதிவேகம் வேண்டாம் என்றே வைப்போம். கிழக்குக்கரைப் பாதை 665 கி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில், கெந்திங் மலைக்குள் 16.39 கி.மீ. சுரங்கத்தோடு வருகிறதே, அதோடு மேற்குக்கரையையும் 1,435 மி.மீ.க்கு மாற்றினால் என்ன? 20 ஆண்டுத் திட்டம்தானே கேட்டீர்கள்?

#13 செந்தூல் சிக்னல்

மாற்றினால் வடக்கே கதவு சாத்திக்கொள்ளும். தாய்லாந்துப் பாதை கிட்டத்தட்ட எல்லாமே மீட்டர் அகலம். தென் தாய்லாந்து ரப்பர் கண்டெய்னர் ஹாட்யாய் பக்கமிருந்து பாடாங் பெசார் வழியாகப் பினாங்குத் துறைமுகம் வரை வண்டி மாறாமல் வர முடிவதே அகலம் ஒன்றாக இருப்பதால்தான். அகலம் மாறினால் 60 கண்டெய்னர் கொண்ட ரயிலை எல்லையில் இறக்கி ஏற்ற இரண்டு மணி நேரம், பெட்டிக்குத் தூக்குக்கூலி வேறு. லாரிக்காரன் சிரிப்பான்.

அதைவிட அவசரமான சரக்குப் பிரச்சினை மேற்குக்கரையிலேயே இருக்கிறது. இடிஎஸ் சராசரி 110, சரக்கு வண்டி சராசரி 60 என்று வைத்தால் ஒவ்வொரு கி.மீ.க்கும் சரக்கு 0.45 நிமிடம் பின்தங்கும். சிக்னல் இடைவெளி முன்னும் பின்னும் 6 நிமிடம், லூப்பில் (ஒதுங்கி வழிவிடும் பக்கத் தடத்தில்) நின்று கிளம்ப 4 நிமிடம், ஆக 16 நிமிடம் கழியும்.

இடிஎஸ் மணிக்கு ஒன்று: மிச்சம் 44 நிமிடம், 97 கி.மீ.க்கு ஒரு லூப் போதும்.
அரை மணிக்கு ஒன்று: மிச்சம் 14, லூப் 30 கி.மீ.க்கு ஒன்று வேண்டும்.
20 நிமிடத்துக்கு ஒன்று: மிச்சம் 4, 9 கி.மீ.க்கு ஒன்று. அது லூப் இல்லை, மூன்றாவது தடம்.

வடக்குக் கொமூட்டரும் நின்று நின்று போவதால் கிட்டத்தட்டச் சரக்கு வண்டி வேகம்தான். அதையும் சேர்த்தால் இன்னும் இறுகும். புது செட் வந்து இடிஎஸ்சை அரை மணிக்கு ஒன்று என்று அறிவிக்கும் நாளில் லூப் தயாராக இல்லையென்றால் சரக்கு ராத்திரிக்குத் தள்ளப்படும். ராத்திரி ஜல்லிக்கல்லுடைய நேரம். அங்கே இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள், தோற்பது பாதைதான்.

#14 ஜல்லிக்கல்

முட்டிக்கொள்வார்கள் இல்லை, முட்டிக்கொண்டால் எப்போதும் சரக்குதான் ஜெயிக்கும். அது காசு தருகிறது. நான் ஜல்லியைத்தான் தருகிறேன்.

#15 கணக்குப்பிள்ளை

நிலத்தைப் பற்றி ஒரு வரி. கேஎல் சென்ட்ரல் நிற்பது பிரிக்பீல்ட்ஸ் பழைய ரயில் யார்டு மேல். நிலையமாக 2001லிருந்து நன்றாகவே ஓடுகிறது, நிலமும் நல்ல விலை பார்த்தது. ஆனால் நகர நடுவில் வண்டி நிறுத்த இருந்த இடம் போனது. ஒரு செட்டுக்கு 140 மீட்டர் வண்டி, 160 மீட்டர் தடம். நாளுக்கு மூன்று நடை ஓடினால் செட் எதிர் முனையில்தான் ராத்திரி தங்கும், ஆகவே இரண்டு முனையிலும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் காலையில் காலி வண்டி ஓடும், பாதையையும் மின்சாரத்தையும் தின்றுகொண்டு. பட்டர்வொர்த்தில் நிலையத்தை ஒட்டிய நிலத்தில் கோபுரம் எழும்பும் முன் நிறுத்துத் தடத்துக்கான துண்டைக் கோடு போட்டு வைப்பதற்கு இன்றைக்குக் காசே வேண்டாம். ஒரு வரைபடமும் ஒரு கையெழுத்தும் போதும்.

#16 மாக்மண்டின் மாறன்

சரி, 10 பில்லியனைப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு வரி.

#17 செந்தூல் சிக்னல்

லூப், ரவாங்குக்குத் தெற்கே ஒதுங்கும் தடம், சிக்னல் மேம்பாடு, கூடுதல் மின்னூட்ட நிலையத்துக்கு 5. நிறுத்துத் தடமும் டிப்போவும் 2. மிச்சம் 3 ஜல்லிக்கல்லுக்கு, ஆனால் ஒரே ஆண்டில் தரக்கூடாது.

#18 வேகப்பிரியன்

அதிவேகப் பாதைக்கான நிலத்தை மட்டும் இப்போதே ஒதுக்கி வைக்க 2. கட்டுவது பிறகு. நிலம் போனால் எந்தக் கணக்கும் உதவாது என்று கணக்குப்பிள்ளையே இப்போதுதான் சொன்னார்.

#19 கணக்குப்பிள்ளை

மாட்டிவிட்டாய். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 2 அதிகம். நிலத்தை வாங்காமல் மாநிலத் திட்ட வரைபடத்தில் பாதையைக் குறித்து வைத்தாலே கட்டட அனுமதி நிற்கும். நான் 10ல் 4ஐத் தொடவே மாட்டேன். ஆண்டுக்கு 200 மில்லியன் வீதம் 20 ஆண்டு புதுப்பித்தல் நிதி. மேலே சொன்ன 273க்கே போதாது, வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதி.

#20 ஜெலுத்தோங் கவி

லூப் லூப் என்கிறீர்கள். ஒரு லூப் என்பது உண்மையில் எவ்வளவு பெரிய வேலை? முதலில் எதை ஆரம்பிப்பது?

#21 ஜல்லிக்கல்

30 வேகன், ஒவ்வொன்றும் 14 மீட்டர், இழுவை எந்திரம் 20, ஆக 440 மீட்டர். ஓட்டுநர் நிறுத்தும் தவறுக்கு 20, சிக்னலுக்கு அப்பால் பாதுகாப்புத் தூரம் 180 வரை. 650 மீட்டர் இருந்தால் நிம்மதி. 450ல் கட்டி "வண்டியைக் குட்டையாக்கு" என்று சொன்னால் ஒவ்வொரு நடையிலும் பல வேகன் நட்டம், ஆயுள் முழுக்க.

சிலிப்பர் 600 மி.மீ.க்கு ஒன்று, சுமார் 1,085. ஜல்லி ஏறக்குறைய ஆயிரம் கன மீட்டர். தடம் பிரியும் பாயிண்ட் இரண்டு. அதில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது: 25 கி.மீ. வேகப் பாயிண்டில் 440 மீட்டர் வண்டி வால் உள்ளே வர 63 வினாடி, 50 வேகப் பாயிண்டில் 32. பின்னால் இடிஎஸ் காத்திருக்கிறது, ஞாபகமிருக்கட்டும். மேல்கம்பி, சிக்னல், கேபிள் எல்லாம் கூடவே.

ஆரம்பம்? கிரியான் பக்கம் என்றால் மண்தான். செங்குத்து வடிகால் பட்டைகளைக் களிமண்ணுக்குள் இறக்கி, மேலே அதிக மண்ணைக் குவித்து, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அமுங்க விட வேண்டும். பக்கத்தில் ஓடும் பாதையும் கூடவே அசையும், வாரா வாரம் அளக்க வேண்டும். மண் குவித்த அன்றைக்கே பாயிண்டுக்கு ஆர்டர் போட்டுவிடு. அது வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகும். மண்ணும் பாயிண்டும் ஒரே சமயத்தில் தயாராகும். ஆர்டரை மறந்துவிட்டு மண் வேலையை முடித்தால், புது மேட்டில் புல் முளைத்துக் கிடக்கும், ஆடு மேயும்.